தென்னமெரிக்காவின் லூசுலா சிற்றினங்களை எதைக் கொண்டு பிரிக்கிறார்கள்?

ஆண்டீஸ் மலையில் சேகரிக்கப்பட்ட, புல் போன்ற ஒரு லூசுலா செடியின் உலர்தாவரத் தாளை, அதாவது செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டிய தாளை, படமாகப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே தாளில் ஜங்காய்டெஸ் ரசிமோசம், லூசுலா ஸ்பைகேட்டா, லூசுலா ரசிமோசா என்று மூன்று பெயர்ச்சீட்டுகள் வெவ்வேறு காலத்தில் ஒட்டப்பட்டிருந்தன என்றும் சொல்கிறீர்கள். இவற்றில் எது சரி, தென்னமெரிக்க லூசுலாக்களை எந்தப் பண்புகளால் பிரிக்கிறார்கள், மொத்தம் எத்தனை சிற்றினங்கள் என்பவை உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லலாம். ஆண்டீஸில் கிடைத்த, கதிர்போல் நீண்டு தொங்கும் மஞ்சரி (பூக்கள் சேர்ந்த தொகுதி) கொண்ட செடி என்றால், இன்றைய வழக்கில் அதற்குப் பொருந்தக்கூடிய பெயர் லூசுலா ரசிமோசா. ஜங்காய்டெஸ் ரசிமோசம் என்பதும் அதே செடிதான். பேரினத்தின் பெயர் மட்டும் வேறு. லூசுலா ஸ்பைகேட்டா என்று எழுதியவரோ செடியையே வேறொன்றாகக் கருதியிருக்கிறார். ஆக, ஒரே தாளில் இரண்டு தனித்தனியான சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது பெயரிடும் விதிகளைச் சார்ந்தது, இரண்டாவது செடியின் உருவத்தைச் சார்ந்தது. தென்னமெரிக்க லூசுலாக்களின் வகைப்பாட்டு வரலாறு முழுவதும் இந்த இரண்டு சிக்கல்களும் பின்னிப் பிணைந்தே வருவதால், இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

லூசுலா பார்ப்பதற்குப் புல் போலவே இருக்கும். ஆனால் அது புற்களின் குடும்பமான போயேசியையும் சேர்ந்ததல்ல, கோரைகளின் குடும்பமான சைப்பரேசியையும் சேர்ந்ததல்ல. ஜங்கேசி என்ற சிறிய குடும்பத்தைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் அக்குடும்பத்தில் ஏறத்தாழ 450 சிற்றினங்கள் உண்டு. அவற்றில் சுமார் 120 லூசுலா, மீதியில் மிகப் பெரும்பாலானவை ஜங்கஸ். புல்லின் பூவில் பூவிதழ்கள் தேய்ந்து நுண்ணிய செதில்களாகிவிட்டன. கோரையின் பூவில் அவை முட்களாகவோ மயிர்களாகவோ சுருங்கிவிட்டன, அல்லது அடியோடு இல்லாமல் போய்விட்டன. ஜங்கேசியில் மட்டும் மூன்று மூன்றாக இரண்டு வட்டங்களில் ஆறு பூவிதழ்கள் அப்படியே நிற்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்தால், பழுப்பு நிறத்தில் உலர்ந்து சுருங்கிய ஒரு சிறிய அல்லிப் பூவின் அமைப்பு அங்கே தெரியும். அதனால்தான் இந்தக் குடும்பத்தின் சிற்றின விவரணைகளில் பூவிதழ்களின் நீளம், நுனி, நிறம், உள்வட்டத்துக்கும் வெளிவட்டத்துக்கும் இடையேயான நீள வேறுபாடு ஆகியவற்றுக்கு இவ்வளவு இடம் தரப்படுகிறது.

குடும்பத்துக்குள்ளே லூசுலாவை ஜங்கஸிலிருந்து பிரிப்பது எளிது. பூவே இல்லாத செடியிலும் முடியும். ஜங்கஸின் இலையுறை ஒரு பக்கம் திறந்திருக்கும். லூசுலாவின் இலையுறை குழாயாக மூடியிருக்கும். ஜங்கஸின் இலை பெரும்பாலும் வழவழப்பானது, பல சிற்றினங்களில் உருண்டையானது. லூசுலாவின் இலை தட்டையானது. அதன் விளிம்பிலும், குறிப்பாக உறையின் வாயருகிலும், பல செல்களாலான நீண்ட வெண்மயிர்கள் இருக்கும். கனி கிடைத்துவிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. ஜங்கஸின் வெடிகனியில் தூசிபோல் ஏராளமான விதைகள் இருக்க, லூசுலாவின் வெடிகனி ஒரே அறையாக இருந்து, அதன் அடியிலிருந்து எழும் மூன்றே மூன்று விதைகளைக் கொண்டிருக்கும். மூன்று வால்வுகளாகப் பிளந்த கனிக்குள் ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு விதையாக அவை அமர்ந்திருப்பதை ஒருமுறை பார்த்தவர் இந்தப் பேரினத்தை மறுபடி வேறெதனோடும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

தென்னமெரிக்கா லூசுலாவின் தாயகமல்ல. பேரினத்தின் பெரும்பகுதி வட மிதவெப்ப மண்டலத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஜங்கேசிக் குடும்பத்தைப் பொறுத்தவரை தென்னமெரிக்கா மிகவும் வளமான கண்டம். பெரு, பொலிவியா ஆகிய நாடுகளின் உயர்மலைச் சதுப்புகளில் கெட்டியான மெத்தைகளாகப் படரும் டிஸ்டிகியா, ஆக்சிகுளோயி, பட்டோசியா ஆகிய பேரினங்கள் அங்கேதான் உள்ளன. தெற்கு முனையின் ஈரநிலங்களில் மார்சிப்போஸ்பெர்மமும் ராஸ்ட்கோவியாவும் வளர்கின்றன. டியெரா டெல் ஃபுவேகோவின் யாகான் மக்கள் மார்சிப்போஸ்பெர்மத்தின் தண்டுகளைக் கொண்டு கூடை பின்னுகிறார்கள். இவற்றோடு ஒப்பிடும்போது லூசுலா அங்கே சதுப்பை விட்டு விலகி, காட்டு விளிம்புகளிலும் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழும் பேரினம். மெத்தையாக மாறாமல், தட்டையான இலைகளும் நிமிர்ந்த தண்டும் கொண்ட தன் வடிவத்தை அது அங்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

பெயர்ச் சிக்கலை முதலில் முடித்துவிடுகிறேன். லின்னேயஸ் 1753-இல் இந்தச் செடிகளை ஜங்கஸ் பேரினத்துக்குள்ளேயே வைத்திருந்தார். உங்கள் இரண்டாவது பெயர்ச்சீட்டில் இருக்கும் ஸ்பைகேட்டாவும் அவரிடம் ஜங்கஸ் ஸ்பைகேட்டஸ்தான். அடுத்த ஆண்டே, 1754-இல், செகியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜங்காய்டெஸ் என்ற பெயரைப் பயன்படுத்தினார். அது பரவலாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. 1805-இல் தெ காந்தோல் லூசுலா என்ற பேரினத்தைத் தெளிவாக வரையறுத்தார், உலகம் அதையே பின்பற்றியது. 1891-இல் ஓட்டோ குண்ட்சே, முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதியைக் கண்டிப்பாகப் பொருத்தி, நூற்றுக்கணக்கான பேரினப் பெயர்களை மாற்றியபோது லூசுலாக்கள் எல்லாம் ஜங்காய்டெஸ் ஆயின. அமெரிக்கத் தாவரவியலாளர் சிலர் அதை ஏற்று எழுதினார்கள். 1905-இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, நீண்டகாலம் நிலைத்துவிட்ட பெயர்களைக் காப்பாற்றுவதற்காகப் பாதுகாக்கப்பட்ட பெயர்களின் பட்டியலை ஏற்படுத்தியது. இன்று லூசுலா அத்தகைய பாதுகாக்கப்பட்ட பெயர். ஆகவே ஜங்காய்டெஸ் என்று எழுதிய சீட்டைக் கண்டால், அதை எழுதியவர் எந்தக் கருத்துச் சூழலில் நின்றார் என்று தெரியுமே தவிர, செடியைப் பற்றி அவருக்கு மாறுபட்ட கருத்து இருந்தது என்று பொருளல்ல.

உருவத்தைச் சார்ந்த சிக்கல் இதைவிட ஆழமானது. அதன் தொடக்கம் 1808. அந்த ஆண்டில் நிகெய்ஸ் ஓகுஸ்த் தெவோ, தாம் நடத்திய தாவரவியல் இதழில் லூசுலாவைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். ரசிமோசா, ஜைகான்டியா, அலோபெகூரஸ், பெருவியானா ஆகிய பெயர்கள் அதிலிருந்து வருபவை. தென்னமெரிக்க லூசுலாக்களுக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் அவர்தான். ஆனால் அவருடைய விவரணைகள் அக்கால வழக்கப்படி சில வரிகளில் முடிந்துவிடும். இலையின் அகலம், மஞ்சரியின் தோற்றம், பூவடிச் செதிலைப் பற்றி ஓரிரு சொற்கள், அவ்வளவே. விதையைப் பற்றியோ, தரைக்கடியில் இருக்கும் தண்டைப் பற்றியோ அவற்றிலிருந்து இன்று நமக்கு வேண்டியது கிடைக்காது. தெவோ என்ற குடும்பப் பெயரில் இன்னொரு தாவரவியலாளரும் உண்டு. 1850-களில் கிளாட் கே வெளியிட்ட சிலி நாட்டுத் தாவரத் தொகுப்பில் புற்களை எழுதிய எத்தியேன் எமீல் தெவோ. பெயர்களுக்குப் பின்னால் வரும் ஆசிரியர் சுருக்கத்தில் முன்னெழுத்து இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சிலித் தாவரங்களில் இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக்கொள்பவர்கள் உண்டு.

தெவோவுக்குப் பிறகு எர்ன்ஸ்ட் மையரும் லா ஆர்ப்பும் 1820-களில் பேரினத்தை மறுபடி தொகுத்தார்கள். 1841-இல் குந்த் வழியாக லூசுலா சிலென்சிஸ் வந்தது. தெற்கு முனைக்கு, 1842-இல் எரபஸ், டெரர் கப்பல்களோடு ஃபாக்லாந்துத் தீவுகளுக்கும் ஹார்ன் முனையருகே உள்ள ஹெர்மிட் தீவுக்கும் போய்ச் சேகரித்த ஜோசப் ஹூக்கர், லூசுலா அண்டார்க்டிகாவை விவரித்தார். இப்படி ஒவ்வொருவரும் தம் கைக்கு வந்த ஓரிரு மாதிரிகளைக் கொண்டு ஒவ்வொரு பெயரைச் சேர்த்தார்கள். ஆண்டீஸ் மலைத்தொடர் சுமார் 7,000 கி.மீ. நீளமுள்ளது. அதன் ஒரு முனையில் வெனிசுவேலாவிலும் மறுமுனையில் படகோனியாவிலும் எடுத்த இரண்டு செடிகள் வேறுபட்டுத் தோன்றுவதில் வியப்பில்லை. நடுவில் உள்ள செடிகளைப் பார்க்காமல் அந்த வேறுபாடு சிற்றின எல்லையா, படிப்படியான மாற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பேரினத்தை முழுமையாக ஒரே பார்வையில் பார்த்த முதல் மனிதர் பிரெமன் நகரில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த ஃபிரான்ஸ் புகெனாவ். ஜங்கேசிக் குடும்பத்தின் தனிநூலை 1890-இல் வெளியிட்டார்; அதன் விரிவான இறுதி வடிவம் அவர் இறந்த 1906-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. பூவின் கீழுள்ள சிறுசெதில்கள், விதையின் ஒட்டுறுப்பு, மஞ்சரியின் கிளைப்பு முறை ஆகியவற்றை ஒழுங்காக ஒப்பிட்டு வகைப்பாட்டை அமைத்தவர் அவர். லூசுலா எக்செல்சாவும் லூசுலா உலேயும் அவர் பெயரைத் தாங்கியவை; லூசுலா ஹியரோனிமியை கிரீஸ்பாக்குடன் சேர்ந்து விவரித்தார். ஆனால் ஐரோப்பாவின் லூசுலா காம்பெஸ்ட்ரிஸ் என்ற ஒரே சிற்றினத்தின் கீழ், பல கண்டங்களிலிருந்து வந்த செடிகளை வகைகளாக அடுக்கியவரும் அவரே. அந்தப் பரந்த சிற்றினக் கருத்து நெடுங்காலம் நிலைத்தது. அதன் விளைவாக, பிற கண்டங்களிலிருந்து வந்த, தலைபோல் திரண்ட கொத்துகள் உள்ள செடிக்கெல்லாம் காம்பெஸ்ட்ரிஸ் என்று சீட்டு எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் வந்தவற்றில் மூன்று பணிகளைக் குறிப்பிட வேண்டும். மானுவல் பாரோஸ் 1953-இல் அர்ஜென்டினா, சிலி, உருகுவே நாடுகளின் ஜங்கேசியைத் தொகுத்தார். டென்மார்க்கின் ஹென்ரிக் பால்ஸ்லெவ், எக்குவடோரில் நீண்டகாலம் களப்பணி செய்த அனுபவத்தோடு, அமெரிக்க வெப்பமண்டல ஜங்கேசியின் தனிநூலை 1996-இல் வெளியிட்டார். யான் கிர்ஷ்னரும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் உலக ஜங்கேசி முழுவதையும் மறுபரிசீலனை செய்து வெளியிட்டார்கள். உங்கள் தாளுக்குப் பெயரிட விரும்பினால், முதலில் பால்ஸ்லெவின் திறவுகோலில், அதாவது பண்புகளைப் படிப்படியாகக் கேட்டுச் சிற்றினத்தை அடையாளம் காட்டும் பட்டியலில், தொடங்கி, பிறகு கிர்ஷ்னரின் தொகுப்போடு ஒத்துப்பாருங்கள் என்பதே என் ஆலோசனை. வெனிசுவேலா முதல் பொலிவியா வரையிலான செடிகளை உயிரோடு, அவை வளரும் இடத்திலேயே பார்த்தவரின் மதிப்பீடு முதலாவதில் இருக்கிறது. இரண்டாவதில், ஒவ்வொரு செடியும் உலகளாவிய பேரினத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற பார்வை இருக்கிறது.

திறவுகோல்கள் எல்லாம் மஞ்சரியிலிருந்தே தொடங்குகின்றன. கிளைத்து விரிந்து தொங்கும் தளர்ந்த மஞ்சரியா, கதிர்போல் நீண்டதா, காம்புள்ள உருண்டைக் கொத்துகளாகப் பிரிந்ததா, ஒரே அடர்ந்த தலையாகத் திரண்டதா என்பதுதான் முதல் கேள்வி. தொலைவிலிருந்தே தெரியும் பண்பு என்பதால் இது வசதியானது. ஆனால் மிக எளிதில் ஏமாற்றுவதும் இதுதான். ஒரே செடி நிழலிலும் ஈரத்திலும் வளர்ந்தால் மஞ்சரி அச்சு நீண்டு கொத்துகள் விலகி நிற்கும். 4,000 மீட்டருக்கு மேல் காற்றிலும் உறைபனியிலும் வளர்ந்தால் அதே அச்சு சுருங்கி, கொத்துகள் ஒன்றோடொன்று நெருங்கி, வேறு சிற்றினம் போலத் தோன்றும். பூக்கும் நிலையில் நெருங்கியிருந்தது கனி முற்றும்போது நீண்டுவிடுவதும் உண்டு. தாளில் ஒட்டும்போது மஞ்சரியை எப்படி வைத்து அழுத்தினார்கள் என்பதைப் பொறுத்து, தொங்கும் மஞ்சரி நிமிர்ந்ததாகவும் காட்சியளிக்கும். மஞ்சரியை நம்பிப் பெரும்பிரிவு வரை செல்லலாம், அதற்கப்பால் அதை மட்டும் கொண்டு சிற்றினத்தை முடிவு செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

அப்படியானால் எதை நம்புவது? லூசுலா ரசிமோசாவையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். மெக்சிகோவின் எரிமலைகளிலிருந்து ஆண்டீஸ் வழியாகச் சிலி, அர்ஜென்டினா வரை பரவியிருக்கும் சிற்றினம் இது. வடக்கு ஆண்டீஸின் பாராமோ புல்வெளிகளிலும், அதற்குத் தெற்கே வறண்ட பூனா மேட்டுநிலங்களிலும், 3,000 மீட்டருக்கு மேல் சாதாரணமாகக் காணலாம். ஒரு நல்ல மாதிரியை அடியிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். தரையை ஒட்டி, பழைய இலையுறைகள் நார்நாராகச் சிதைந்து பழுப்பு நிறத்தில் ஒரு உறைபோலத் தண்டடியைச் சூழ்ந்திருக்கும். அதன் நடுவிலிருந்து இந்த ஆண்டின் இலைகள் கொத்தாக எழும், சில மி.மீ. மட்டுமே அகலம், உறையின் வாயில் வெண்மயிர்க் கொத்து, விளிம்பில் ஆங்காங்கே நீண்ட மயிர்கள். தண்டில் ஓரிரு இலைகள் மட்டுமே இருக்கும். தண்டின் உயரம் பெரும்பாலும் 10 முதல் 40 செ.மீ.க்குள் அடங்கும். உச்சியில் மஞ்சரி ஒரு பக்கமாக வளைந்து தொங்கும். பூக்கொத்துகள் காம்பின்றியோ குறுங்காம்புடனோ அச்சில் அமர்ந்து, கீழ்ப்பகுதியில் இடைவெளிவிட்டும் நுனியில் நெருங்கியும் நிற்கும்.

இனி ஒரே ஒரு பூவைப் பிரித்தெடுத்து வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து உருப்பெருக்கியில் வையுங்கள். பூவைத் தாங்கும் பூவடிச் செதில் ஒன்று, அதற்கு மேலே பூவிதழ்களை ஒட்டி மெல்லிய சவ்வு போன்ற சிறுசெதில்கள் இரண்டு. அவற்றின் விளிம்பு முழுமையானதா, கிழிந்த பற்களாக இருக்கிறதா, நீண்ட மயிர்களாகப் பிரிந்திருக்கிறதா என்பது இந்தப் பேரினத்தில் மிக மதிப்புள்ள பண்பு. உயரமும் ஈரமும் மஞ்சரியை மாற்றுவதுபோல் இதை மாற்றுவதில்லை. உள்ளே ஆறு பூவிதழ்கள், இரண்டு முதல் மூன்று மி.மீ. நீளம் இருக்கும், நடுவில் செம்பழுப்பு, விளிம்பு வெளிறியது, நுனி கூர்மையானது. மகரந்தத்தாள்களை எண்ணுங்கள், மகரந்தப்பையின் நீளத்தை இழையின் நீளத்தோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். சூலகமுடிகள் மூன்று. ஜங்கேசி முழுவதிலும் மகரந்தத்துகள்கள் நான்கு நான்காக ஒட்டியே வெளிவருகின்றன என்பதையும் நுண்ணோக்கி இருந்தால் பார்த்துவிடுங்கள். அடையாளம் காண அது உதவாது என்றாலும், பார்க்க வேண்டிய காட்சி. கடைசியாகக் கனியும் விதையும். கனி பூவிதழ்களைவிட நீளமா குட்டையா, விதையின் எந்த முனையில் ஒட்டுறுப்பு இருக்கிறது, அது விதையின் நீளத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். எறும்புகளை ஈர்க்கும் அந்த எண்ணெய்ச்சத்துள்ள வெண்ணிற ஒட்டுறுப்பு, பேரினத்தின் துணைப்பேரினங்களையே பிரிக்கும் அளவுக்கு முக்கியமானது. டெரோடெஸ் துணைப்பேரினத்தில் அது விதையின் மேல்முனையில் பெரிதாக இருக்கும். காம்பெஸ்ட்ரிஸை ஒட்டிய கூட்டத்தில் அடிமுனையில் இருக்கும்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது பெயர்ச்சீட்டுக்குப் பதில் கிடைக்கிறது. லின்னேயஸ் லாப்லாந்து மலைகளிலிருந்து அறிந்த லூசுலா ஸ்பைகேட்டாவும் தொங்கும் கதிர் மஞ்சரி உள்ளது; அதுவும் உயர்மலைச் செடி; ஐரோப்பா, வட அமெரிக்கா, இமயமலை வரை பரவியது. ஐரோப்பிய மாதிரிகளையே பார்த்துப் பழகிய ஒருவரின் முன் ஆண்டீஸ் செடி வந்தால், ஸ்பைகேட்டா என்று எழுதத் தோன்றுவது இயல்பு. ஸ்பைகேட்டாவின் இலைகள் பொதுவாக மேலும் குறுகி, நெடுக்கில் குழிந்திருக்கும். பூவிதழ் நுனி மயிர்போல் மெல்லியதாக நீண்டிருக்கும். ரசிமோசாவின் மஞ்சரி பெரும்பாலும் அதிக நீளமும் அதிக இடைவெளியும் உள்ளது. தனித்தனியாக எடுத்தால் இவை சிறிய வேறுபாடுகள்தான். ஆயினும் ஸ்பைகேட்டா தென்னமெரிக்காவின் இயற்கைத் தாவரமல்ல. ஆண்டீஸ் மலையில் எடுத்த செடிக்கு அந்தப் பெயரைத் தர விரும்புபவர் அதற்கான ஆதாரத்தைப் பூவிலும் விதையிலும் காட்ட வேண்டும்.

லூசுலா ஜைகான்டியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அதைத் தவறாக அடையாளம் காண்பது கடினம். ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய, அகன்ற இலைகள் கொண்ட, ஈரமான மலைக்காடுகளின் செடி அது. மஞ்சரி பல கிளைகளாக விரிந்து தொங்க, சிறிய பூக்கள் மெல்லிய காம்புகளில் தனித்தனியாகவோ இரண்டு மூன்றாகவோ நிற்கும். மெக்சிகோவிலிருந்து மத்திய ஆண்டீஸ் வரை, புல்வெளி எல்லைக்குக் கீழேயுள்ள மேகக்காடுகளில் அதைத் தேட வேண்டும். பெரிய செடியாதலால் சேகரிப்பவர்கள் மேற்பகுதியை மட்டும் ஒடித்து எடுத்துவந்துவிடுகிறார்கள். தண்டடியும் அடியிலைகளும் இல்லாத அத்தகைய தாள்கள் விவரணைக்குப் போதாதவை.

தெற்கு முனையில் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. படகோனியா, டியெரா டெல் ஃபுவேகோ, ஃபாக்லாந்துத் தீவுகள் ஆகிய இடங்களில் வளரும் லூசுலா அலோபெகூரஸின் மஞ்சரி ஒரே அடர்ந்த திரளாக இருக்கும். பூவடிச் செதில்களின் விளிம்பு நீண்ட வெண்மயிர்களாகப் பிரிந்திருப்பதால், அந்தப் பழுப்புத் திரள் முழுவதும் பஞ்சு படிந்ததுபோலத் தெரியும். இலை விளிம்பும் அடர்ந்த மயிருள்ளது. ஹூக்கரின் அண்டார்க்டிகா இதே தென்முனைச் சூழலின் சிறிய செடி. சிலென்சிஸ் சிலியிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவிலும் காணப்படுகிறது. இந்தத் தென்முனைச் செடிகளில், மஞ்சரி அடர்த்தியை மட்டும் கொண்டு எழுதப்பட்ட பழைய அடையாளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டாம். செதில் விளிம்பின் மயிர்களை உருப்பெருக்கியில் பார்த்தபின்தான் எதையும் சொல்ல முடியும்.

ஆண்டீஸை விட்டு விலகி நிற்கும் இரண்டு செடிகள் எனக்குத் தனி ஈடுபாடு உள்ளவை. தெற்கு பிரேசிலின் மேட்டுநிலத்தில் வளரும் லூசுலா உலேய் அவற்றில் ஒன்று; சாண்டா கதரீனாவில் சேகரித்த எர்ன்ஸ்ட் ஊலேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. ஆண்டீஸுக்கும் அதற்கும் இடையே சாகோ, பம்பாஸ் சமவெளிகள் கிடக்கின்றன. வெப்பமான தாழ்நிலங்களில் லூசுலா வாழ்வதில்லை. மற்றொன்று லூசுலா மாசஃபுவேரனா. சிலிக் கரையிலிருந்து வெகுதொலைவில் பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுக்கூட்டத்தில், முன்பு மாசஃபுவேரா என்றும் இன்று அலெஹாந்திரோ செல்கிர்க் என்றும் அழைக்கப்படும் ஒரே தீவுக்கு மட்டும் உரியது. 1908-இலும் 1916–17-இலும் அங்கே சென்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் ஸ்காட்ஸ்பெர்க் அதை விவரித்தார். கடலிலிருந்து எழுந்து சில மில்லியன் ஆண்டுகள்கூட ஆகாத ஒரு எரிமலைத் தீவில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு லூசுலா இருக்கிறதென்றால், இந்தப் பேரினத்தில் சிற்றினங்கள் தோன்ற நெடுங்காலம் தேவைப்படவில்லை என்று கொள்ளலாம். ஆண்டீஸின் உயர்மலைப் புல்வெளிகளும் புவியியல் கணக்கில் இளமையானவைதான். அங்கே சிற்றின எல்லைகள் மங்கலாக இருப்பதற்கு ஆய்வாளர்களின் கவனக்குறைவு மட்டும் காரணமல்ல; பிரிதல் இன்னும் முடியாத செடிகள் அவை என்பதே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

உருவம் கைவிடும் இடத்தில் குரோமோசோம்கள் கைகொடுக்குமா என்ற கேள்வி இயல்பாக எழும். லூசுலாவில் அது ஓரளவுக்குத்தான் உதவுகிறது, காரணமும் சுவையானது. பெரும்பாலான தாவரங்களில் குரோமோசோமின் ஒரே புள்ளியில், சென்ட்ரோமியரில், செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் கதிர்க்கோல் இழைகள் பற்றுகின்றன. குரோமோசோம் உடைந்தால் அந்தப் புள்ளி இல்லாத துண்டு செல் பிரியும்போது தொலைந்துபோகும். லூசுலாவில் குரோமோசோமின் நீளம் முழுவதும் இழைகள் பற்றுகின்றன என்பதைப் போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் 1947-இல் லூசுலா எலிகன்ஸ் என்று இன்று அழைக்கப்படும் செடியில் காட்டினார்கள். ஆகவே உடைந்த துண்டும் முழுக் குரோமோசோம்போலவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. எலிகன்ஸில் இருமய எண் (ஓர் உடற்செல்லில் உள்ள குரோமோசோம்களின் எண்ணிக்கை) 6. பல சிற்றினங்களில் 12. லூசுலா சுடெடிகாவில் 48, ஆனால் அந்த 48-ம் மிகச் சிறியவை. எண்ணிக்கை கூடியது மரபணுத்தொகுதி இரட்டித்ததாலா, குரோமோசோம்கள் உடைந்ததாலா என்று அறிய, எண்ணை மட்டுமல்லாமல் அளவையும் பார்க்க வேண்டும். சுவீடனின் ஹெட்டா நோர்டன்ஷோல்ட் காம்பெஸ்ட்ரிஸ் கூட்டத்தில் பல ஆண்டுகள் செய்த கலப்பினச் சோதனைகள் இதைத் தெளிவாக்கின. ஆண்டீஸ் செடிகளில் அத்தகைய கலப்பினச் சோதனைகள் செய்யப்படுமானால், ரசிமோசாவைச் சுற்றியுள்ள பல ஐயங்கள் தீரும்.

டி.என்.ஏ. ஆய்விலும் நிலைமை இதைப் போன்றதே. டிராப்கோவாவும் வில்செக்கும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் லூசுலா ஒரே மூதாதையிலிருந்து வந்த இயற்கையான பேரினம் என்பது உறுதிப்பட்டது. ஆனால் பசுங்கணிக டி.என்.ஏ. காட்டும் உறவுகளும் உட்கரு டி.என்.ஏ. காட்டும் உறவுகளும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கலப்பும், மூதாதையரின் வேறுபாடுகள் முழுமையாகப் பிரிந்து அடங்காமையும் அதற்குக் காரணங்களாகக் காட்டப்பட்டன. 2022-இல் ஜங்கஸைப் பல பேரினங்களாக உடைக்கும் முன்மொழிவு வந்தபோதும் லூசுலா முழுமையாகவே நின்றது. ஆக, பேரின எல்லை வலுவானது. அதற்குள்ளே சிற்றின எல்லைகள்தான் வலுவற்றவை.

அதனால் மொத்தம் எத்தனை என்ற கேள்விக்கு ஒற்றை எண் தருவது உங்களுக்கு உதவாது. பரந்த சிற்றினக் கருத்து உள்ளவர் ரசிமோசாவுக்குள் பல பழைய பெயர்களை இணைப்பெயர்களாக அடக்கிவிடுவார்; குறுகிய கருத்து உள்ளவர் அவற்றில் சிலவற்றைத் தனிச் சிற்றினங்களாக மீட்பார். பால்ஸ்லெவ், கிர்ஷ்னர் ஆகிய இருவரின் தொகுப்புகளையும் அருகருகே வைத்து, எந்தெந்தப் பெயர்களில் வேறுபடுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது எண்ணிக்கையைவிடப் பயன் தரும். அந்த இடங்கள்தான் புதிய சேகரிப்பு தேவைப்படும் இடங்கள்.

உங்கள் தாளுக்கு வருவோம். அதன் பெரிதாக்கப்பட்ட படம் கிடைத்தால் முதலில் சேகரித்த இடத்தையும் உயரத்தையும் படியுங்கள். பிறகு தண்டடி முழுமையாக இருக்கிறதா, ஓடுதண்டுகள் உண்டா என்று பாருங்கள். அடியிலைகளில் ஒன்றின் நுனி உடையாமல் இருந்தால், அது மழுங்கித் தடித்திருக்கிறதா, கூர்ந்து மெலிந்திருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திறவுகோல்கள் அடிக்கடி கேட்கும் பண்பு அது, உலர்ந்த மாதிரிகளில் முதலில் உடைந்துபோவதும் அதுதான். மஞ்சரியின் மிகக் கீழான பூவடிச் செதில் மஞ்சரியைவிட நீளமா என்று அளந்துகொள்ளுங்கள். தாளின் மூலையில் துண்டுகளைச் சேமிக்கும் சிறு உறை ஒட்டப்பட்டிருக்கும். உதிர்ந்த கனிகளும் விதைகளும் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும், படத்தில் தெரியாது. தாளை வைத்திருக்கும் நிறுவனத்துக்குத் தாள் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால், உறைக்குள் முற்றிய விதை இருக்கிறதா, அதன் ஒட்டுறுப்பு எந்த முனையில் என்று அங்குள்ளவர்கள் பார்த்துச் சொல்லக்கூடும். அதற்கான பதில் வரும் வரை அந்தத் தாளை லூசுலா ரசிமோசா என்ற பெயரிலேயே, பரந்த பொருளில், வைத்துக்கொள்ளுங்கள்.